பழைய பிக்கப் வண்டிக்கான மாற்று டயர்

பிக்கப் என்பது முன்புறம் ஓட்டுனர் அறையும் பின்புறம் திறந்த சுமைத்தட்டும் கொண்ட இலகுவகைச் சரக்கு வண்டி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1960கள் முதல் 1980கள் வரை விற்கப்பட்ட இவ்வகை வண்டிகள் பல இன்றும் ஓட்டத்தில் உள்ளன. இவற்றுக்குப் புதிய டயர் வாங்கும்போது, வண்டியுடன் வந்த அளவு கடைகளில் கிடைக்காமை, ரிம் அளவில் குழப்பம், பாரத்துக்குப் போதாத டயரைத் தெரிவு செய்தல் ஆகிய சிக்கல்கள் எழுகின்றன. இவற்றுள் ரிம் அளவுக் குழப்பம் உயிராபத்து விளைவிக்க வல்லது. டயர் பொருத்துவோர் பலர் இதனால் இறந்துள்ளனர்.

பழைய அளவும் புதிய அளவும்

பழைய வண்டிகளில் 7.50-16 போன்ற எண்ணளவுகள் இருந்தன. இதில் 7.50 என்பது டயரின் அகலத்தையும், 16 என்பது ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கின்றன. 1960களின் இறுதியில் எல்78-15 போன்ற எழுத்தளவுகள் வந்தன. இதில் முதலெழுத்து பாரத்திறனையும், 78 என்பது அகலத்தில் உயரம் எத்தனை விழுக்காடு என்பதையும் காட்டும்.

இன்றைய அளவு எல்.டி. 235/85 ஆர் 16 என்றவாறு எழுதப்படுகின்றது. எல்.டி. என்பது இலகு சரக்கு வண்டியையும், 235 என்பது மில்லிமீட்டரில் அகலத்தையும், 85 என்பது உயர விழுக்காட்டையும், ஆர் என்பது ரேடியல் அமைப்பையும் குறிக்கும். இந்த டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 806 மில்லிமீட்டர். இது 7.50-16 டயரின் விட்டத்துக்கு மிக அண்மையில் இருப்பதால், அதற்கு மாற்றாகப் பரவலாகப் பயன்படுகின்றது. (7.50-16 அளவு இந்தியாவின் சிறு சரக்குந்துகளிலும் பழக்கமானதே. அங்கு பழைய குறுக்கிழை டயரை ஓட்டுனர்கள் நைலான் டயர் என்பர்.) குறுக்கிழை டயரையும் ரேடியல் டயரையும் ஒரே அச்சில் கலந்து பொருத்தக் கூடாது.

16 அங்குலமும் 16.5 அங்குலமும்

1970களின் ஃபோர்டு எஃப்-250, செவ்ரோலெட் சி20 முதலிய முக்கால் டன் வண்டிகளில் 8.75-16.5, 9.50-16.5 ஆகிய அளவுகளுக்குரிய 16.5 அங்குல ரிம்கள் காணப்பட்டன. அரை அங்குல வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் டயர் அமரும் பரப்பு 16 அங்குல ரிம்மில் 5 பாகையும், 16.5 அங்குல ரிம்மில் 15 பாகையும் சரிந்திருக்கும்.

16 அங்குல டயரை 16.5 அங்குல ரிம்மின் மீது ஏற்றிவிட முடியும். ஆபத்து இங்குதான் தொடங்குகின்றது. காற்றடிக்கும்போது டயரின் உள்விளிம்பு சரிவில் ஏறிப் பாதியில் நின்றுவிடும். அது அமரவில்லை என்று கருதிப் பொருத்துபவர் மேலும் காற்றேற்றுவார். உள்விளிம்பினுள் இருக்கும் எஃகுக் கம்பி வளையம் அறுந்து, டயர் வெடித்துச் சிதறும். இதனால்தான் 16 அங்குல டயர்களின் பக்கச்சுவரில் இதுபற்றிய எச்சரிக்கை வார்க்கப்படுகின்றது.

ஆகவே கழற்றிய டயரில் உள்ள எண்ணை நம்பாமல், ரிம்மில் பொறிக்கப்பட்ட எண்ணைப் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் இரண்டு ரிம்களை மட்டும் மாற்றியிருக்கலாம் என்பதால், மாற்றுச் சக்கரம் உட்பட ஐந்தையும் தனித்தனியே பார்ப்பது அவசியம். 16.5 அங்குலத்தில் இன்று கிடைக்கும் டயர்கள் மிகச் சில. அதே ஆணித்துளை அமைப்பும் போதிய பாரத்திறனும் உடைய 16 அங்குல ரிம்களுக்கு மாறிவிடுவதே நீண்டகாலத்துக்குச் சிக்கனமானது.

பாரத்திறன்

எல்.டி. டயர்களில் சி, டி, ஈ என்ற பார வகுப்புகள் முறையே 6, 8, 10 இழை மதிப்பைக் குறிக்கின்றன. இது உண்மையான இழைகளின் எண்ணிக்கை அன்று. மேற்கண்ட 235/85 டயர் ஈ வகுப்பில், 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், ஒற்றைச் சக்கரமாக 3,042 பவுண்டு (சுமார் 1380 கிலோகிராம்) தாங்கும். அதே டயரில் காற்றுக் குறைந்தால் தாங்கும் பாரமும் குறையும்.

விலை குறைவு என்பதால் பலர் மகிழுந்துக்கான 'பி' வகை டயரை வாங்குகின்றனர். இதனைப் பிக்கப்பில் பொருத்தினால், அதில் குறித்த பாரத்தை 1.10ஆல் வகுத்தே கணக்கிட வேண்டும். 1000 கிலோகிராம் என்றிருந்தால் ஏறத்தாழ 909 கிலோகிராம் மட்டுமே. வெறும் வண்டியை ஓட்டும்போது குறை எதுவும் தெரியாது. மணல் ஏற்றிக் கோடை வெயிலில் நெடுஞ்சாலையில் செல்லும்போது டயர் சூடேறிக் கிழியும்.

டயரின் வயது

பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் உற்பத்தி நாளைத் தரும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தையது. விலை பேசாமல் திரும்பிவிடலாம். நாள் குறியீடு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம் என்பதால் வண்டிக்கு அடியில் குனிந்தும் பார்க்க வேண்டும்.

குறைவாக ஓடும் பழைய வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன்பே இரப்பர் முதுமையடைந்து வெடிப்பு விடுகின்றது. ஃபோர்டு நிறுவனம் 6 ஆண்டுகளில் மாற்றுமாறு கூறுகின்றது. மிசெலின் 10 ஆண்டுகளை உச்ச வரம்பாகக் கொள்கின்றது. சுமைத்தட்டுக்குக் கீழே தொங்கும் மாற்று டயர் பெரும்பாலும் வண்டியிலேயே மிகப் பழையது. தேயாமல் புதிது போலத் தோன்றுவதால், அதனைக் கழற்றி முன்னச்சில் போடும் பழக்கம் உண்டு. இது தவறு.

பொருத்துதல்

இரண்டு டயர்கள் மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்னச்சில் பொருத்த வேண்டும். பாரமில்லாத பிக்கப்பின் பின்புறம் இலேசானது. ஈரச் சாலையில் முதலில் வழுக்குவது அதுவே. நாற்சக்கர இயக்கம் உள்ள வண்டியில் நான்கும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் பல்லிணைப் பெட்டி பழுதாகும். ட்யூப் இல்லா டயருக்கு மாறும்போது காற்று வால்வும் புதிதாக இடப்பட வேண்டும். பூட்டு வளையம் கொண்ட பலதுண்டு ரிம்களைக் காற்றேற்றும்போது இரும்புக் கூண்டுக்குள் வைப்பது கட்டாயம். அமெரிக்கப் பணியிடங்களில் இவற்றுக்கான விதி 1980இல் வந்தது. 1984இல் அது ஒற்றைத் துண்டு ரிம்களுக்கும் விரிவாக்கப்பட்டது.