எண்ணிம வேகமானியும் தொலைவுமானியும்

எண்ணிம வேகமானி என்பது வண்டி ஓடும் வேகத்தைச் சக்கரச் சுழற்சியிலிருந்து கணக்கிட்டு எண்களாகக் காட்டும் மின்னணுக் கருவி ஆகும். டிஜிட்டல் மீட்டர் என்பது இதன் பேச்சு வழக்குப் பெயர். வண்டி கடந்த மொத்தத் தூரத்தைக் காட்டும் தொலைவுமானியும் (ஓடோமீட்டர்) பெரும்பாலும் இதே கருவியில் அடங்கியிருக்கும். சேலம் மாவட்டத்துச் சங்ககிரி லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அண்டையிலுள்ள நாமக்கல் லாரிகளுக்குக் கூடு கட்டும் தொழிலுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர் பெற்றவை. இவ்வூர்களின் வண்டிகளுக்கு டீசல் கணக்கு, டயரின் ஆயுள், எண்ணெய் மாற்றும் காலம் ஆகிய மூன்றும் தொலைவுமானியின் எண்ணைச் சார்ந்தே அமைகின்றன.

வரலாறு

சக்கரச் சுழற்சியை எண்ணித் தூரம் அறியும் கருவியைக் கி.மு. முதலாம் நூற்றாண்டிலேயே உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியசு விவரித்துள்ளார். காந்தச் சுழற்சியால் முள்ளை நகர்த்தும் வேகமானிக்கு 1902 ஆம் ஆண்டில் செருமனியின் ஓட்டோ சூல்ட்சே காப்புரிமை பெற்றார். பழைய லாரிகளில் கியர்பாக்சிலிருந்து மீட்டர் கேபிள் ஒன்று சுழன்று இம்முள்ளை இயக்கியது. எண்ணிம வகையில் கேபிளின் இடத்தை உணரியும் மின்கம்பியும் பெற்றுள்ளன.

இயங்கும் முறை

இக்கருவி தூரத்தை நேரடியாக அளப்பதில்லை, சுழற்சிகளையே எண்ணுகிறது. சக்கரத்திலோ கியர்பாக்சின் வெளித்தண்டிலோ உள்ள உணரி, ஒவ்வொரு சுழற்சிக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின்துடிப்புகளை அனுப்பும். கருவி அவற்றை எண்ணி, தனக்குள் பதியப்பட்ட டயர்ச் சுற்றளவால் பெருக்கித் தூரத்தைக் கணக்கிடும். சுற்றளவு 3.2 மீட்டர் எனில், ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 312.5 முறை சுழலும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 5.2 சுழற்சிகள் நிகழும். எனவே பதியப்பட்ட சுற்றளவு பிழையானால், வேகமும் தூரமும் அதே விகிதத்தில் பிழையாகும்.

பொருத்தும் முறை

முதலில் கருவியின் மின்னழுத்தம் வண்டியின் மின்கலத்துக்குப் பொருந்துகிறதா எனப் பார்த்தல் வேண்டும். கனரக லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட்டும், சிறிய வண்டிகளில் 12 வோல்ட்டும் பயன்படுகின்றன. இணைப்பில் உருகி அமைத்தல் இன்றியமையாதது. காந்தத்துக்கும் உணரிக்கும் உள்ள இடைவெளி, தயாரிப்பாளர் குறித்த அளவில் இருத்தல் வேண்டும். கம்பிகள் புகைபோக்கியையும் சுழலும் பாகங்களையும் தொடாதவாறு கட்டப்படும்.

அடுத்து, டயரில் உரிய காற்றழுத்தம் நிரப்பி, வழக்கமான சுமையுடன் வண்டியைச் சமதரையில் நிறுத்துவர். டயரும் தரையும் தொடும் இடத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு, சக்கரம் ஐந்து முறை சுழலும்வரை வண்டியை நேராக நகர்த்தி, கடந்த நீளத்தை ஐந்தால் வகுத்தால் சுற்றளவு கிடைக்கும். உணரி கியர்பாக்சில் இருந்தால் பின்சக்கரத்தை அளத்தல் வேண்டும். கிரவுன் பல்சக்கர விகிதத்தையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். இறுதியாக, நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களைக் கொண்டோ செயற்கைக்கோள் வழி இடங்காட்டியைக் கொண்டோ அளவு சரிபார்க்கப்படும்.

பிழைகளும் விளைவுகளும்

டயர் தேயத் தேய அதன் சுற்றளவு குறைகிறது. 3.2 மீட்டர் சுற்றளவுள்ள டயரின் மேற்பரப்பு 12 மில்லிமீட்டர் தேய்ந்தால், சுற்றளவு ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் குறையும். அப்போது கருவி 10,000 கிலோமீட்டர் காட்டினாலும் வண்டி உண்மையில் ஓடியது ஏறத்தாழ 9,765 கிலோமீட்டரே. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் எனக் கருவி காட்டும் வண்டி உண்மையில் 3.9 கிலோமீட்டரே தருகிறது.

புதிய டயர் மாட்டியதும் அதே வண்டியின் கணக்கு 3.9 எனத் தெரியவரும். 10,000 கிலோமீட்டருக்குச் சுமார் 60 லிட்டர் டீசல் கூடுதலாகச் செலவானது போலத் தோன்றும். உண்மையில் டீசல் குறையவில்லை. அளவுகோல் மட்டுமே மாறியுள்ளது. இதனை அறியாதவிடத்து, ஓட்டுநர் மீது வீண் ஐயம் எழக்கூடும். ஆகவே டயர் மாற்றும்போதெல்லாம் சுற்றளவை மீண்டும் அளந்து பதிதல் நன்று.

சேறு, மணல், கரட்டுத் தரை ஆகியவற்றில் ஓடும் அனைத்துத்தரை வண்டிகளில் இப்பிழை மிகுதி. குறைந்த காற்றழுத்தம் கொண்ட அவற்றின் டயர்கள் அதிகம் அமுங்கும். சக்கரம் வழுக்கிச் சுழன்றால், வண்டி நகராதபோதும் தூரம் கூடும்.

சட்டம்

இந்திய மைய மோட்டார் வாகன விதிகள், 1989 வேகமானியைப் பற்றியும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றியும் தனித்தனியே விதிக்கின்றன. 2015 ஆம் ஆண்டுத் திருத்தம், சரக்கு லாரிகள் உள்ளிட்ட பல போக்குவரத்து வண்டிகளுக்கு மணிக்கு 80 கிலோமீட்டரை உச்ச வேகமாக அமைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியை வலியுறுத்தியது. வேகமானி இக்கருவிக்கு மாற்று ஆகாது. ஒன்று வேகத்தைக் காட்டுகிறது, மற்றது கட்டுப்படுத்துகிறது. பழைய மீட்டரை மாற்றும்போது, அதன் இறுதி எண்ணையும் மாற்றிய நாளையும் வண்டியின் பதிவேட்டில் குறித்து வைத்தல், பிற்காலத்தில் வண்டியை வாங்குவோர்க்கும் உண்மையான ஓட்டத்தை அறியத் துணைபுரியும்.