டிசம்பர் 19 இரவு 8 மணிக்கு இருளில் மூழ்கும் மீனவ கிராமம்... 'ஷிப் இன்' பப்பின் கதை என்ன?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையில் இருக்கிறது மவுசல் என்ற குட்டி மீனவ கிராமம். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'எலி வளை' என்றுதான் படிக்கத் தோன்றும். உள்ளூர்க்காரர்கள் சொல்வது 'மவுசல்'.

கிறிஸ்துமஸ் நெருங்கினாலே இந்த ஊரின் துறைமுகம் முழுக்க வண்ண விளக்குகள் ஜொலிக்கும். பார்ப்பதற்கென்றே கூட்டம் வரும். ஆனால், டிசம்பர் 19-ம் தேதி இரவு 8 மணிக்கு விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் இருட்டு. பிறகுதான் மீண்டும் வெளிச்சம்.

ஏன் இப்படி? அதற்கான பதில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் 'ஷிப் இன்' என்ற பழைய பப்பில் இருக்கிறது.

பப் என்றால் வெறும் மதுக்கடையா?

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். ஊருக்கே பொதுவான வீடு என்று வைத்துக்கொள்ளலாம். கடலுக்குப் போய்வந்தவர்கள் குளிர் காய்வது, வானிலை பேசுவது, திருவிழாவுக்குத் திட்டம் போடுவது எல்லாம் அங்கேதான். அதை நடத்துபவர் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஆளாக இருப்பார்.

மவுசலில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1595 ஜூலையில் ஸ்பெயின் படையினர் இங்கே இறங்கி ஊரையே கொளுத்தினார்கள். தப்பிப் பிழைத்த ஒரே கட்டடம் கெய்க்வின் குடும்பத்தின் வீடு என்கிறார்கள். அந்த வீடும் பின்னாளில் 'கெய்க்வின் ஆர்ம்ஸ்' என்ற பெயரில் பப்பாக இயங்கியது. இப்போது அது மறுபடி குடியிருப்பாகிவிட்டது. துறைமுகத்தில் ஊர்க்காரர்களுக்குப் பொது வீடாக இருப்பது ஷிப் இன்.

1981: விளக்கேற்றிய கை

1981-ல் ஷிப் இன்னை நடத்தி வந்தவர் சார்லி கிரீன்ஹா. அந்த வருடம் டிசம்பர் 17-ம் தேதி கிறிஸ்துமஸ் விளக்குகளை எரியவிட்டவரும் அவர்தான். அவருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. பக்கத்தில் உள்ள பென்லீ மீட்புப் படகு நிலையத்தின் தன்னார்வலர் அவர்.

பிரிட்டனில் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் வேலையை 1824-ல் தொடங்கப்பட்ட ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு நிறுவனம் செய்கிறது. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்தான். அழைப்பு வந்தால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

டிசம்பர் 19 இரவு அப்படி ஓர் அழைப்பு வந்தது. நெதர்லாந்தில் இருந்து அயர்லாந்துக்கு உரம் ஏற்றிச் சென்ற 'யூனியன் ஸ்டார்' கப்பலின் இன்ஜின் நடுக்கடலில் நின்றுபோனது. அந்தக் கப்பலுக்கு அதுதான் முதல் பயணம். உள்ளே 8 பேர். கேப்டன், அவருடைய மனைவி, மனைவியின் டீன்ஏஜ் மகள்கள் இருவர், மற்ற ஊழியர்கள் 4 பேர். புயல் காற்று கப்பலைப் பாறைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. அலைகள் 60 அடி வரை எழும்பின. கடற்படை ஹெலிகாப்டர் வந்தும் ஒருவரைக்கூடத் தூக்க முடியவில்லை.

'ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும்'

பென்லீ நிலையத்துக்கு 12 பேர் ஓடிவந்தார்கள். படகின் தலைவர் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸ் அவர்களில் 7 பேரை மட்டும் தேர்ந்தெடுத்தார். நைஜல் பிராக்மேன் என்ற மீனவரும் அவருடைய மகன் நீலும் சேர்ந்தே வந்திருந்தனர். இந்த மாதிரி இரவில் ஒரே குடும்பத்தில் இரண்டு பேரைக் கூட்டிப்போக ரிச்சர்ட்ஸ் தயாராக இல்லை. அப்பா ஏறினார். மகனைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இரவு 8.12 மணிக்கு 'சாலமன் பிரவுன்' என்ற அந்த மரப்படகு கடலில் இறங்கியது. கப்பலை ஒட்டிப் போக மறுபடி மறுபடி முயன்றார்கள். 4 பேரை மீட்டுவிட்டதாக ரேடியோவில் தகவலும் வந்தது. மிச்சம் இருந்தவர்களை மீட்க முயன்றபோது ரேடியோ அமைதியானது. அதன்பிறகு எந்தத் தகவலும் இல்லை.

கப்பலில் இருந்த 8 பேரும் படகில் சென்ற 8 பேரும் உயிரிழந்தனர். இறந்தவர்களில் சார்லி கிரீன்ஹாவும் ஒருவர்.

மீண்டும் எரிந்த விளக்குகள்

ஊரே துக்கத்தில் இருந்ததால் கிறிஸ்துமஸ் விளக்குகள் எரியவில்லை. மூன்று நாள் கழித்து, விளக்குகளை மறுபடி எரியவிடச் சொன்னவர் சார்லியின் மனைவி. அன்று தொடங்கிய வழக்கம்தான் இன்றும் தொடர்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் வெளிச்சம், 19-ம் தேதி மட்டும் ஒரு மணி நேர இருட்டு.

இன்னொரு விஷயமும் நடந்தது. விபத்து நடந்த ஒரே நாளுக்குள், புதிய மீட்புக் குழு அமைக்கத் தேவையான ஆட்கள் அதே ஊரில் இருந்து முன்வந்துவிட்டார்கள். கரையில் நிறுத்தப்பட்ட நீல் பிராக்மேன், பின்னாளில் பென்லீ மீட்புப் படகின் தலைவரானார்.

பலியானவர்களின் குடும்பங்களுக்காக மக்கள் கொடுத்த நிதி 30 லட்சம் பவுண்டைத் தாண்டியது. அதற்கு வரி போட அரசு பார்த்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. அரசு பின்வாங்கியது.

நான்கே நாளில் ஒரு விருந்து

டிசம்பர் 23-ம் தேதி ஷிப் இன் மறுபடி களைகட்டும். அன்று 'டாம் பாக்காக் ஈவ்'. பல நூறு ஆண்டுகளுக்கு முன் புயலால் யாரும் கடலுக்குப் போகமுடியாமல் ஊர் பட்டினி கிடந்ததாம். டாம் பாக்காக் என்ற மீனவர் மட்டும் துணிந்து போய் ஏழு வகை மீன்களோடு திரும்பினார் என்பது கதை. அவர் நினைவாக, மத்தி இனத்து மீன்களின் தலைகள் மேலே எட்டிப்பார்க்கும் 'ஸ்டார்கேஸி பை' பப்பில் பரிமாறப்படுகிறது.

வியாபாரத்துக்காக 1950-களில் இந்த பப்பை நடத்தியவர் கட்டிவிட்ட கதைதான் இது என்றும் ஒரு பேச்சு உண்டு. ஆனால், கார்னிஷ் மொழி ஆய்வாளர் மார்ட்டன் நான்ஸ் 1927-லேயே இந்த விழாவைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஊருக்காகப் புயலில் படகை இறக்கிய ஒருவர் திரும்பிவந்த கதையைத்தான் அங்கே கொண்டாடுகிறார்கள். அப்படிப் போய்த் திரும்பாத எட்டுப் பேருக்கான அந்த ஒரு மணி நேர இருட்டு, அதற்கு நான்கு நாள் முன்னாடி.