தொழுநோய் மாத்திரை: சிறுநீர் சிவந்தால் பதற்றம், காய்ச்சல் வந்தால் அலட்சியம்... எது ஆபத்து?

உணர்ச்சியில்லாத ஒரு தேமல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் தொழுநோய் என்கிறார்கள். கையில் ஒரு மாத்திரை அட்டை. முதல் டோஸை ஊழியர் முன்னாலேயே விழுங்கியாச்சு. வீட்டுக்கு வந்து பாத்ரூம் போனால் சிறுநீர் ரத்தம் மாதிரி சிவப்பாகப் போகிறது. மறுநாள் அந்த அட்டையை யார் தொடுவார்கள்?

இந்தச் சிகிச்சையில் உள்ள சிக்கலே இதுதான். கண்ணுக்குத் தெரிந்து பயமுறுத்தும் பக்கவிளைவுகள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. உயிருக்கே உலை வைக்கக்கூடிய ஒன்று, சாதாரண காய்ச்சல் மாதிரி வந்து நிற்கும்.

அட்டைக்குள் என்ன இருக்கு?

மூன்று மருந்துகள்: ரிஃபாம்பிசின், க்ளோஃபாசிமின், டாப்சோன். பெரியவர்களுக்கு 28 நாளுக்கு ஒரு அட்டை. முதல் நாள் மூன்றையும் சேர்த்து விழுங்க வேண்டும். மற்ற 27 நாளும் 50 மில்லிகிராம் க்ளோஃபாசிமினும் 100 மில்லிகிராம் டாப்சோனும். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

சிறுநீரைச் சிவப்பாக்குவது ரிஃபாம்பிசின். அது மருந்தின் நிறம், ரத்தம் இல்லை. ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். ஆனால் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் இதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்த மாத்திரையின் பலனை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும்.

ஊருக்கே காட்டிக்கொடுக்கும் நிறம்

க்ளோஃபாசிமின் கதை வேறு. தோல் மெல்ல மெல்லச் செம்பழுப்பாகி, பிறகு கறுக்கும். தேமல் இருந்த இடம் இன்னும் அடர்த்தியாகும். வெயில் படும் இடங்களில் நிறம் தூக்கலாகத் தெரியும். பொட்டிப்புரம், தேவாரம், கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்திலும் வயலிலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு முகமும் கையும்தான் முதலில் மாறும். "என்ன இப்படி கறுத்துட்ட?" என்ற ஒரு கேள்வி போதும், மாத்திரை அட்டை பரணுக்குப் போய்விடும்.

இதைச் சும்மா அழகுப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. 2019 வரை இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோய் விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாகவே இருந்தது. நோயை மறைக்க நினைப்பவரை மருந்தே காட்டிக்கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

அதோடு, இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் ஒரு மாற்றம். முன்பு ஐந்து தேமல் வரை உள்ளவர்களுக்கு ரிஃபாம்பிசின், டாப்சோன் இரண்டு மட்டும்தான், ஆறு மாதம். இப்போது அவர்களுக்கும் மூன்று மருந்து. அதாவது, இதுவரை நிறமாற்றமே இல்லாமல் சிகிச்சையை முடித்தவர்களும் இனி அதைச் சந்திக்க வேண்டும். இதை முதல் நாளே உட்கார வைத்துச் சொல்வது மாத்திரை கொடுப்பது அளவுக்கே முக்கியம். நிறம் நிரந்தரமில்லை, சிகிச்சை முடிந்த சில மாதங்களில் படிப்படியாகக் குறையும். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். வெயிலில் முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு.

நிஜமாகப் பயப்பட வேண்டியது

டாப்சோன் பழைய மருந்து. 1940-களின் நடுவில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் இதைப் பயன்படுத்தத் தொடங்கியபோது அது பெரிய திருப்பம். அதுவரை நீரடிமுத்து எண்ணெய் ஊசிதான் கதி. பல ஆண்டுகள் டாப்சோனை மட்டும் தனியாகக் கொடுத்ததில் கிருமி அதற்குப் பழகிப்போனது. அதனால்தான் 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துக்கு மாறச் சொன்னது. பாதியில் நிறுத்தாதீர்கள் என்று செவிலியர் விடாமல் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

இந்த டாப்சோன் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பெரும்பாலும் நாலிலிருந்து ஆறாவது வாரத்துக்குள் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல், கண் மஞ்சளாவது என்று தொடங்கும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், டாப்சோன் எடுப்பவர்களில் சுமார் 1.4 சதவீதம் பேருக்கு இது வருகிறது. வந்தவர்களில் பத்தில் ஒருவர் இறந்திருக்கிறார். வைரல் காய்ச்சல் என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு, டாப்சோனையும் தொடர்ந்தால் கல்லீரல் பாதிக்கும். அந்த வாரங்களில் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் அன்றைய மாத்திரையைப் போடாமல், அட்டையோடு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பொட்டிப்புரத்துக்காரர்களுக்கு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ரத்தசோகை இன்னொன்று. டாப்சோன் சிவப்பணுக்களை உடைக்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இது கடுமையாகலாம். ஏற்கெனவே ரத்தம் குறைவாக உள்ள பெண்கள் மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பூத்தாலோ காத்திருக்கக் கூடாது.

பக்கவிளைவு மாதிரி, ஆனால் இல்லை

சிகிச்சையின் நடுவில் தேமல் திடீரென்று சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும், கை கால் பிடிப்பு தளரும். "மருந்து சேரல" என்று நிறுத்துபவர்கள் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். இது கிருமிக்கு எதிராக உடம்பே காட்டும் எதிர்வினை. சிகிச்சை முடிந்த பிறகும் வரலாம். மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே, கூடவே மருத்துவர் ஸ்டீராய்டு கொடுப்பார். தாமதித்தால் நரம்பு போய்விடும். விரல் மடங்கிப் போவது இப்படித்தான்.

ஏலத்தோட்ட வேலைக்கு இடுக்கி போய் வாரக்கணக்கில் தங்குபவர்கள் முன்கூட்டியே சொன்னால் ஒன்றுக்கு மேற்பட்ட மாதத்துக்கான அட்டைகளைச் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். கூடவே, எந்த அறிகுறி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

ஒருமுறை டாப்சோன் ஒவ்வாமை வந்தவருக்கு அந்த மருந்தை மட்டும் நிரந்தரமாக நிறுத்திவிட்டு, தேறியதும் மற்ற மருந்துகளோடு சிகிச்சையை மருத்துவர் தொடர்வார். டாப்சோன் வேறு சில தோல் நோய்களுக்கும் எழுதப்படுகிறது. அதனால் "டாப்சோன் ஒவ்வாமை" என்று மருத்துவச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி, அதை போனில் ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.