சரக்கைப் படம் பிடித்தவர்கள்

கடைக்கு வரும் காலண்டரிலும், பிஸ்கட் பெட்டியிலும், மசாலா பாக்கெட்டிலும் அச்சாகியிருக்கும் படங்களைத் தினமும் பார்க்கிறோம். ஒரு கிண்ணம், நாலு பழம், ஒரு பாட்டில், அவ்வளவுதான். ஆள் கிடையாது, அசைவும் கிடையாது. இத்தகைய படத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டில் லைஃப்’ என்று பெயர். மேசை மேல் வைத்த பொருளையே நாயகனாக்கிப் படமெடுக்கும் கலை இது. மளிகைக் கடைக்கு இவ்வளவு நெருக்கமான கலை வேறு இருக்குமா என்பது சந்தேகமே. இதில் பேர் பெற்ற புகைப்படக்காரர்கள் எங்கிருந்து யோசனை பெற்றார்கள், யாரோடு சேர்ந்து உழைத்தார்கள் என்பதை அறிந்துகொள்வது, சரக்கை அடுக்கி விற்கும் நமக்கும் பயன்படும்.

பஞ்சாங்கத் தாளில் மிளகு

இந்தக் கலையின் வேர் ஓவியத்தில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டில் வணிகம் கொடிகட்டிப் பறந்தது. 1602-ல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஜாவா, சுமத்ரா தீவுகளிலிருந்து மிளகைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் இறக்கியது. 1663-ல் கொச்சியைப் பிடித்து மலபார் மிளகு வியாபாரத்திலும் இறங்கியது. அக்காலத்து டச்சு ஓவியர்கள், கடல் கடந்து வந்த இந்தச் சரக்குகளையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பி வரைந்தார்கள்.

ஹார்லெம் நகரத்து ஓவியர் பீட்டர் கிளாஸ் 1627-ல் வரைந்த அத்தகைய படம் ஒன்று ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரொட்டி, எலுமிச்சை, ஆலிவ் காய்கள் இவற்றுக்கு நடுவே, பழைய பஞ்சாங்கத் தாளைக் கூம்பாகச் சுருட்டிய ஒரு பொட்டலம்; அதற்குள் மிளகு. பழைய தாளில் பொட்டலம் மடித்துச் சணல் சுற்றிக் கொடுத்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு இந்த ஓவியத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இருப்புப் பட்டியலாக ஒரு படம்

புகைப்படம் பிறந்தபோது ஓவியர்களின் இந்த மேசை அப்படியே அதற்குக் கைமாறியது. காரணம் எளிது. அன்றைய காமிராவுக்கு ஒரு படம் பதிய நெடுநேரம் பிடித்தது. மனிதன் அசைந்துவிடுவான், பீங்கான் கோப்பை அசையாது.

இங்கிலாந்தில் புகைப்பட முறையைக் கண்டுபிடித்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1844 முதல் 1846 வரை ‘இயற்கையின் பென்சில்’ என்ற நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 24 புகைப்படங்கள் ஒட்டிய நூல் அது. அலமாரித் தட்டுகளில் வரிசையாக அடுக்கிய பீங்கான் சாமான்கள் அதில் ஒரு படம். அதன் கீழ் டால்பட் எழுதிய கருத்து வணிகர்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. இத்தனை சாமான்களையும் ஒவ்வொன்றாக எழுதிப் பட்டியல் போட ஆகும் நேரத்திலேயே படமும் எடுத்துவிடலாம். நாளை திருடன் கொண்டுபோனால் இந்தப் படத்தை நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்கலாம் என்பது அவர் கருத்து. இன்று தீ விபத்துக்கும் திருட்டுக்கும் இன்சூரன்ஸ் கேட்கும்போது கடையின் பழைய படங்களைத் தேடும் நாம், அன்றே சொன்ன அந்த மனிதரை நினைத்துக்கொள்ளலாம்.

டால்பட் தனியாக இதைச் செய்துவிடவில்லை. அவர் வீட்டில் பணியாளாக இருந்த நிக்கோலாஸ் ஹென்னமன் என்ற டச்சுக்காரர் தொழிலைக் கற்றுக்கொண்டு, ரெடிங் என்ற ஊரில் பட்டறை வைத்தார். நூலுக்கான படங்கள் அங்கேதான் அச்சாயின.

குடைமிளகாயும் தகரப் புனலும்

இந்தக் கலையில் உலகப் புகழ் பெற்ற படம் ஒன்றின் பொருள் வெறும் குடைமிளகாய்! அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் கார்மெல் ஊரில் இருந்த எட்வர்ட் வெஸ்டன் 1930 ஆகஸ்டில் எடுத்தது. ‘பெப்பர் நம்பர் 30’ என்பது அதன் பெயர். கோணலும் நெளிவுமாக வளர்ந்த காய் அது. தராசுத் தட்டில் விழுந்தால் வாடிக்கையாளர் எடுத்து ஓரம் வைத்துவிடுவார். படத்திலோ பயில்வானின் முதுகு போலத் திரண்டு நிற்கிறது.

இந்த ஒரு படத்துக்குப் பின்னால் எத்தனை கைகள் என்று பாருங்கள். காய்களை வாங்கி வந்தவர் அவருடன் இருந்த சோன்யா நோஸ்கோவியாக். அவரும் கைதேர்ந்த புகைப்படக்காரர். சாதாரணப் பொருளை இப்படிக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவர் ஹென்ரியெட்டா ஷோர் என்ற பெண் ஓவியர். 1927-ல் அவர் வரைந்த சங்கு, சிப்பிப் படங்களைப் பார்த்த வெஸ்டன், அவரிடமிருந்தே சிப்பிகளை வாங்கி வந்து படமெடுத்தார். குடைமிளகாய் அதன் தொடர்ச்சிதான்.

காயை எங்கே வைத்து எடுப்பது என்பதில் வெஸ்டன் பல நாள் திண்டாடினார். வெள்ளைத் துணி, அட்டை என்று எதுவும் சரிவரவில்லை. கடைசியில் ஒரு பெரிய தகரப் புனலுக்குள் காயை வைத்தார். புனலின் உட்புறம் வெளிச்சத்தை நாலாபக்கமும் திருப்பியடித்துக் காயின் வளைவுகளைத் தூக்கிக் காட்டியது. எண்ணெய் ஊற்றும் புனலே ஸ்டூடியோ விளக்கின் வேலையைச் செய்துவிட்டது.

1932-ல் வெஸ்டன், நோஸ்கோவியாக், ஆன்சல் ஆடம்ஸ், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோர் கூடி ‘எஃப் 64’ என்ற குழுவை அமைத்தார்கள். காமிராத் துவாரத்தின் மிகச் சிறிய அளவைக் குறிக்கும் எண் அது. துவாரம் சிறுத்தால் முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக விழும். மங்கலாக்கி அழகு காட்டும் அன்றைய வழக்கத்தை விட்டு, உள்ளதை உள்ளபடி காட்டுவோம் என்பதே அவர்கள் கொள்கை.

யோசனை சொன்னவரே படமும் எடுத்தார்

விளம்பரத் துறையில் இக்கலையை உயர்த்தியவர் நியூயார்க்கின் இர்விங் பென் (1917–2009). ‘வோக்’ பத்திரிகையில் அட்டைப்படத்துக்கு யோசனை சொல்வதே முதலில் அவர் வேலை. அங்கிருந்த புகைப்படக்காரர்கள் அவர் யோசனைகளைக் கண்டுகொள்ளவில்லை. கலை இயக்குநர் அலெக்சாண்டர் லிபர்மன், “நீயே எடு” என்று தூண்டினார். கைப்பை, கையுறை, ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றை அடுக்கி பென் எடுத்த படம் 1943 அக்டோபர் 1 இதழின் அட்டையில் வந்தது. அந்த ஒரு ஊக்கத்தில் தொடங்கிய உறவு பல பத்தாண்டுகள் நீடித்தது.

1968-ல் ‘கிளினிக்’ என்ற அழகு சாதனக் கம்பெனி தொடங்கியபோது விளம்பரப் படங்களை பென் எடுத்தார். அத்துறையில் அழகியின் முகம் இல்லாமல் விளம்பரமே கிடையாது. அவரோ பாட்டிலையும் சோப்பையும் மட்டும் சுத்தமான வெளிச்சத்தில் நிறுத்தினார். சரக்கு நன்றாக விற்றது. 1977-ல் உறைய வைத்த காய், பழங்களைப் பாளம் பாளமாக அடுக்கி அவர் எடுத்த படங்கள் இன்று கலைப் பொக்கிஷமாக மதிக்கப்படுகின்றன.

கோலிக்குண்டு கற்பித்த பாடம்

கூட்டு முயற்சி தவறான வழியிலும் போகும். அமெரிக்காவில் காம்ப்பெல் சூப் கம்பெனியின் விளம்பரப் படத்தில், கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டிருந்தார்கள். அடியில் தங்கும் காய்த் துண்டுகள் மேலே வந்து சூப் நிறையக் காய் இருப்பது போலத் தெரிந்தது. அரசின் வணிகக் கமிஷன் இதை ஏமாற்று என்று பிடித்தது. 1970-ல் அப்படி இனிச் செய்வதில்லை என்று கம்பெனி ஒப்புக்கொள்ள நேர்ந்தது. படத்தில் இருந்தது அவர்கள் சூப்தான்; காய்களும் அவர்களுடையவைதான். காட்டிய விதம் மட்டுமே பொய்.

நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைத் தனிக் குற்றமாக எடுத்துக்கொள்கிறது. தயாரிப்பாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தை நிறுத்தும்படி வியாபாரிக்கும் உத்தரவிடலாம்.

நாம் செய்யத்தக்கது

இன்று கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடைகள் பெருகிவிட்டன. அவர்களுக்குச் சில யோசனைகள்:

பொருளை டியூப்லைட் அடியில் வைக்காமல், காலை வேளையில் வாசல் வெளிச்சத்தில் பக்கவாட்டாக வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் வெஸ்டனின் புனல் செய்த வேலையை அது செய்யும். ஒரு படத்தில் ஒரு சரக்கு போதும். அடுக்குவதை ஒருவரும், எடுப்பதை இன்னொருவரும் செய்யட்டும். கடைப்பையனோ வீட்டுப் பெண்களோ சொல்லும் யோசனையைத் தள்ளிவிடாதீர்கள். லிபர்மன் போல ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் இருக்கும் பருப்பே மூட்டையிலும் இருக்க வேண்டும். படத்தைப் பார்த்து வருபவர் ஒரு முறை வாங்குவார். சரக்கு படத்தைப் போலவே இருந்தால்தான் மறு மாதமும் சிட்டையை நம்மிடம் கொடுத்தனுப்புவார்.