99-ஆ, 97-ஆ?

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் யார் என்ற பேச்சு இரண்டு சட்டை எண்களில் வந்து நிற்கும்.

99, ஹியூ கிரீன். 1977 முதல் 1980 வரை ஓரத்தில் நின்று ஆடியவர். எதிரணியின் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு 53 முறை வீழ்த்தினார். 1980-இல் ஹைஸ்மன் கோப்பை வாக்கெடுப்பில் இரண்டாமிடம். பந்தை ஏந்தி ஓடுபவருக்கோ எறிபவருக்கோ பெரும்பாலும் போய்ச் சேரும் பரிசு அது. தடுப்பவர் ஒருவர் அவ்வளவு அருகில் வந்ததே பெரிது.

97, ஆரன் டொனால்ட், உள்ளூர்ப் பிள்ளை. நடுவில் இருவர் சேர்ந்து மறித்தாலும் பிளந்துகொண்டு போவார். 2013-இல் மட்டும் லொம்பார்டி, அவுட்லேண்ட், பெட்னாரிக், நகுர்ஸ்கி என நான்கு தேசிய விருதுகள்.

ஒரே பருவம் என்றால் டொனால்ட்தான். ஆனால் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒருமித்த தேர்வாக ஆல்-அமெரிக்கன் ஆன கிரீனையே நாங்கள் முன்னால் வைக்கிறோம். 99-ஆம் எண்ணைப் பல்கலைக்கழகம் அதன்பின் வேறு யாருக்கும் தரவில்லை.