மெட்ராய்டு: குளிரில் உறையும் வேட்டையாடி

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1986இல் வெளியிட்ட வீடியோ கேம் ‘மெட்ராய்டு’. அந்தப் பெயருக்குரிய உயிரினம் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில்தான் எதிர்ப்படும். காற்றில் மிதந்து வரும். ஒளி ஊடுருவும் பச்சைச் சவ்வு, உள்ளே சிவந்த கருக்கள், அடியில் கொக்கி போன்ற பற்கள். பாய்ந்து கவ்விவிட்டால் இரையின் உயிராற்றலை உறிஞ்சியெடுத்துவிடும். சாதாரணத் துப்பாக்கிக் கதிர்கள் அதை ஒன்றும் செய்யாது. நாயகி சமுஸ் ஆரனுக்கு இருப்பது ஒரே வழி: ஐஸ் பீமால் அதை உறைய வைத்து, உறைந்த நிலையிலேயே ஏவுகணைகளால் தகர்க்க வேண்டும்.

இத்தனை வலிய உயிர் குளிருக்கு மட்டும் ஏன் அடங்குகிறது? நாம் அறிந்த உயிரியலைக் கொண்டே ஊகிக்கலாம். உயிரணுவைச் சூழ்ந்திருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. குளிர் கூடக் கூட அது நெகிழ்வை இழந்து விறைக்கிறது. பொருள்கள் உள்ளே போவதும் வெளியே வருவதும் தடைபடுகின்றன. அண்டார்டிகா கடல் மீன்கள் சிலவற்றின் இரத்தத்தில் பனிப்படிகம் வளரவிடாமல் தடுக்கும் புரதங்கள் உண்டு. அப்படியொரு காப்பு இல்லாத, உடலே பெரும்பாலும் சவ்வாக இருக்கும் உயிர் குளிரில் செயலிழப்பது இயல்பே. எதையும் உறிஞ்சும் மென்மையான உடல்தான் மெட்ராய்டின் பலம்; அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது.

1991இல் கேம் பாய் கருவிக்கு வந்த இரண்டாம் ஆட்டம், இந்த உயிரின் வாழ்க்கைச் சுழற்சியை விரித்துக் காட்டியது. எஸ்.ஆர்.388 என்பது அதன் தாய்க்கோள். முதல் ஆட்டத்தில் நாம் பார்த்த மிதக்கும் உருவம் வெறும் லார்வா. அது தோலுரித்து ஆல்ஃபா, காமா, ஜீட்டா, ஒமேகா என்று வளர்கிறது. முட்டையிட ஓர் அரசி இருக்கிறது. பூச்சிகளின் வளர்ச்சியை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த இனத்தையே அழிக்கும் பணியோடு அங்கே இறங்கும் சமுஸ், ஒரேயொரு குஞ்சை மட்டும் விட்டுவைக்கிறாள். முட்டையிலிருந்து வெளிவந்ததும் அவளைத் தாயாக எண்ணிப் பின்தொடர்ந்த குஞ்சு அது.

2002இல் வந்த ‘மெட்ராய்டு ஃப்யூஷன்’தான் கதையின் மையம். எஸ்.ஆர்.388இல் ‘எக்ஸ்’ என்ற ஒட்டுண்ணி இருந்தது. எந்த உயிருக்குள்ளும் புகுந்து அதைக் கொன்று, அதன் உருவத்தையே எடுத்துக்கொள்ளும். அதைத் தின்று கட்டுக்குள் வைப்பதற்காகவே சோசோ என்னும் பறவையின மக்கள் மெட்ராய்டை உருவாக்கியிருந்தார்கள். வேட்டையாடி அழிந்ததும் எக்ஸ் கட்டின்றிப் பெருகியது. சமுஸின் உடலிலும் அது புகுந்தபோது, அவளைக் காப்பாற்றியது அந்தக் குஞ்சின் உயிரணுக்களிலிருந்து செய்த தடுப்பு மருந்து. அதன்பின் எக்ஸை உறிஞ்சி விழுங்கும் ஆற்றல் அவளுக்கு வந்தது. மெட்ராய்டின் குளிர்ப் பலவீனமும் கூடவே வந்தது. அவள் உருவெடுத்து அலையும் எக்ஸ், அவள் முன்பு ஏந்திய அதே ஐஸ் பீமால் அவளையே வேட்டையாடுகிறது.

இந்தக் கற்பனைக்கு நிஜ உலகில் சான்று உண்டு. அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் பெய்ன், வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைத் திட்டு ஒன்றில் 1963 முதல் நட்சத்திர மீன்களைப் பெயர்த்தெடுத்துக் கடலில் வீசிவந்தார். அவை தின்றுவந்த மட்டிகள் பாறையெங்கும் பரவி, பிற உயிர்களுக்கு இடமில்லாமல் செய்தன. அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்ததாக 1966இல் அவர் எழுதினார். ஒரு சூழலையே தாங்கி நிற்கும் இத்தகைய இனத்தை ‘ஆதார இனம்’ என்று சூழலியல் இன்று அழைக்கிறது. எஸ்.ஆர்.388இல் மெட்ராய்டு வகித்த இடமும் அதுவே.

எதிரியின் பலவீனத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாலான ஆட்டங்கள் கற்றுத்தரும் திறமை. எங்கே சுட வேண்டும் என்பதோடு அந்தத் தேடல் முடிந்துவிடும். மெட்ராய்டு வரிசை அதற்கு அப்பாலும் போகிறது. ஓர் உயிரை எப்படிக் கொல்லலாம் என்று தெரிந்துகொள்வதற்கு முன், அது எதைத் தின்று வாழ்கிறது என்று கேட்கச் சொல்கிறது. கொசு, பாம்பு, வௌவால் என்று எந்த உயிரையும் பூண்டோடு ஒழித்துவிடலாம் என நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.