மலைநாட்டு எழுத்தாளருக்குக் கிடைத்த மாலை

ஊவா மாகாணத்திலே, பண்டாரவளையை அடுத்து உயர்ந்து நிற்கும் மலைத்தொடரில் அமைந்துள்ளது பூனாகலை. மூடுபனியும் தேயிலைப் பசுமையும் காண்போர் கண்ணைக் கவரும். ஆனால், அப்பசுமைக்கு உரமான மக்களின் வாழ்வு, பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் லயத்துக் காம்பராவிலேயே தலைமுறை தலைமுறையாக ஒடுங்கிக் கிடந்தது. அவ்வாழ்வை உள்ளிருந்து கண்டு எழுதியவர்களுள் முதன்மையானவர் தெளிவத்தை ஜோசப்.

1934ஆம் ஆண்டு, இதே பதுளை மாவட்டத்தின் தோட்டமொன்றிலே அவர் பிறந்தார். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியப் பணி புரிந்தமையால் அத்தோட்டத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னொட்டாயிற்று. 'மீன்கள்' என்னும் அவருடைய சிறுகதை புகழ் பெற்றது. பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே அறையில் உறங்க நேரும்போது மானம் என்ன பாடுபடுகிறது என்பதே அதன் பொருள். அங்கே ஓங்கிய குரலில் முறையீடு இல்லை. இடமில்லாமையின் துயரம் மட்டுமே உண்டு. 'காலங்கள் சாவதில்லை' என்னும் நாவலையும், 'புதிய காற்று' என்னும் திரைப்படத்தின் கதை வசனத்தையும் அவரே எழுதினார்.

இலங்கையில் அவருக்குச் சாகித்திய விருதுகள் கிடைத்தன. எனினும், கடல் கடந்த தமிழ்நாட்டிலே அவரை அறிந்தவர் சிலரே. இந்நிலையில், கோயம்புத்தூரிலே விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தார் ஆண்டுதோறும் நடத்தும் விழா அவரை நாடி வந்தது. உரிய கவனம் பெறாத மூத்த படைப்பாளிகளைப் போற்றும் நோக்குடன் 2010இல் தொடங்கிய விருது அது. முதலில் ஆ. மாதவனும், பின்னர் பூமணியும், தேவதேவனும் அதனைப் பெற்றனர். 2013இல் நான்காவதாகப் பெற்றவர் ஜோசப். இலங்கை எழுத்தாளர் ஒருவருக்கு அவ்விருது வழங்கப்பட்டது அதுவே முதன்முறை.

விருதொன்று எழுத்தை உயர்த்திவிடுவதில்லை; எழுத்து முன்னரே உயர்ந்திருத்தல் வேண்டும். ஆயினும், எழுதியவனுக்கும் படிக்க வேண்டியவனுக்கும் இடையே உள்ள தூரத்தை அது குறைக்கக் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களின் சந்ததியார் என்ன ஆயினர் என்பதைத் தாய்நிலம் நெடுங்காலம் கேட்கவில்லை. கோவை மேடையிலே மலைநாட்டு முதியவர் ஒருவர் மாலை சூடியபோது, அக்கேள்வி காலந்தாழ்ந்தேனும் கேட்கப்பட்டது.

2022ஆம் ஆண்டு அவர் மறைந்தார். மாலை வாடிவிடும், 'மீன்கள்' வாடாது. அதனைத் தேடிப் படிப்பதே அவருக்கு வாசகர் செய்யத்தக்க சிறப்பாகும்.